ஸ்பேஸ் படமும் சிம்பொனியும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. நான் வெஸ்டர்ன் வயலின் சொல்லிக்குடுக்குற ஆளு. சாயங்காலம் ஆறு மணிக்கு பசங்க வர்ற வரைக்கும் ஃப்ரீதான். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள்ல, எப்பவோ யாரோ எழுதி வெச்ச கிளாசிக்கல் பீஸை எடுத்துப் போடுறாங்களே, அதப் பத்தி என்ன வேணா கேளுங்க. படத்துக்குன்னே புதுசா போட்ட பிஜிஎம் பத்திக் கேட்டா சுருக்கமாத்தான் சொல்லுவேன். ஒரே ஒரு வேண்டுகோள், ரெண்டு ஸ்ட்ராஸையும் போட்டுக் குழப்பாதீங்க.

டிகிரி காபி: மேடம், 2001 எ ஸ்பேஸ் ஒடிசி படம் ஆரம்பிக்கும்போது ட்ரம்பெட் ஏறி ஏறி வந்து கடைசில டும் டும் டும்னு அடிக்குமே, அது பீத்தோவனா?

பதில்: இல்லீங்க. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், 1896ல எழுதின 'ஆல்ஸோ ஸ்ப்ராஹ் ஜரதுஸ்த்ரா'. நீட்ஷே எழுதின புத்தகத்தைப் படிச்சிட்டு ஆர்கெஸ்ட்ராவுக்குப் போட்டது. நீங்க சொல்றது அதோட முதல் ஒன்றரை நிமிஷம், சூரிய உதயம்.

அடில ஒரு உறுமல் கேக்கும் பாருங்க, அது ஆர்கனோட பெடல், டபுள் பேஸ், கான்ட்ராபஸூன், பேஸ் ட்ரம் எல்லாம் சேர்ந்து ஒரே ஷட்ஜத்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது. தியேட்டர்ல நாற்காலி அதிரும், போன் ஸ்பீக்கர்ல அந்த சத்தமே வராது. அதுக்கு மேல ட்ரம்பெட் ச, ப, மேல் ச. அவ்ளோதான் மெலடி. அப்புறம் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அந்தர காந்தாரத்தோட ஒரு மேஜர் கார்டைப் (கார்டுன்னா பல ஸ்வரம் ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கிறது) போட்டு, போட்ட கையோட சாதாரண காந்தாரத்துக்கு இறக்கி மைனராக்கிடும். விடிஞ்சுதுன்னு நினைக்கிறப்பவே மேகம் மூடுது. ரெண்டாவது தடவை தலைகீழ், மைனர்லேருந்து மேஜர். மூணாவது தடவைதான் முழுசா விடியும், ஆர்கெஸ்ட்ரா நிறுத்தினப்புறமும் ஆர்கன் மட்டும் தனியா நிக்கும்.

எல்லாரும் இங்கயே நிறுத்திடுறாங்க, என் வயித்தெரிச்சல் அதுதான். மொத்த பீஸ் அரை மணி நேரத்துக்கு மேல. கடைசில மேல புல்லாங்குழலும் வயலினும் காகலி நிஷாதத்தை ஆதாரமா வெச்சு ஒரு கார்டு வாசிக்குது, அடில பேஸ் அந்தப் பழைய ஷட்ஜத்தை மெதுவா மீட்டுது, ரெண்டும் சேரவே இல்ல, அப்படியே முடிஞ்சிடும். மனுஷன் ஜெயிச்சிட்டான்னு சொல்ற பீஸ்னு நினைச்சா அது முதல் ஒன்றரை நிமிஷம் மட்டும் கேட்டவங்க நினைப்பு. முழுசா கேளுங்க. இதை இன்னிக்கு இன்னும் நிறைய தடவை சொல்லுவேன்.

கல்யாணி கண்ணன்: அப்ப அது என்ன ராகம்க்கா?

பதில்: ச, ப ரெண்டையும் வெச்சு ராகம் கேட்டா என்ன தம்பி சொல்றது. ராகம் இல்ல.

ராத்திரி ஆந்தை: ப்ரோ, அதே படத்துல ஸ்பேஸ் ஸ்டேஷன் சுத்துறப்ப வர்ற வால்ட்ஸும் அதே ஸ்ட்ராஸ்தானே? எதுக்கு ராக்கெட்டுக்கு டான்ஸ் மியூசிக்?

பதில்: ப்ரோ இல்ல, அக்கா. அதே ஸ்ட்ராஸும் இல்ல. சொன்னேன்ல! அது வியன்னாக்காரர் யோஹான் ஸ்ட்ராஸ், அப்பாவுக்கும் அதே பேரு, இவர் பையன். 'ப்ளூ டான்யூப்', 1867ல முதல்ல வாசிச்சது. ரிச்சர்ட் மியூனிக்ல பிறந்தவர், ரெண்டு பேருக்கும் சொந்தம் கிந்தம் எதுவும் கிடையாது.

எதுக்குன்னா, அந்த சீனைக் கொஞ்சம் பாருங்க. நிலாவுக்குப் போற விஞ்ஞானி டாக்டர் ஃப்ளாய்ட் சீட்ல தூங்குறார், அவர் பேனா காத்துல மிதக்குது, ஏர்ஹோஸ்டஸ் ஒட்டுற செருப்பு போட்டுக்கிட்டு அடி எடுத்து வெச்சு வந்து அதைப் பிடிச்சு பாக்கெட்ல சொருகுறாங்க. வெளில ஸ்டேஷன் சுத்துது, கப்பலும் அதே வேகத்துல சுத்திக்கிட்டே உள்ள போகுது. யாருக்கும் இதுல பயமும் இல்ல ஆச்சரியமும் இல்ல, அவருக்கு இது ஆபீஸ் வேலையா ஒரு பிரயாணம். இதுக்கு மர்மமா, பிரம்மாண்டமா எதையாவது போட்டிருந்தா சீன் செத்திருக்கும். மூணு மூணா எண்ணிச் சுத்துற வால்ட்ஸ், சுத்துற ரெண்டு பொருள், டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் இசையைப் போட்டுட்டு படத்தை அதுக்கு வெட்டினார். என் கட்சி இதுதான்: பழைய பீஸ் படத்தைப் பார்க்காம எழுதினது. திரைல என்ன நடந்தா எனக்கென்னன்னு அது பாட்டுக்குப் போகும். ஸ்பேஸும் அப்படித்தானே, நம்மள ஒரு பொருட்டா மதிக்காது.

முட்டை போண்டா: அக்கா அந்த டும் டும் டும் ட்ரம்பெட் பாட்டு பேரு என்ன?

பதில்: மேல பாருங்க. முதல் கேள்வி.

சனிக்கோள்: குரங்குங்க கறுப்புக் கல்லைத் தொடும்போது ஒரு கூட்டம் அலறுற மாதிரி வருமே, அது கம்ப்யூட்டர் சவுண்டா? ராத்திரில ஹெட்போன்ல கேட்டுட்டு தூக்கமே வரல.

பதில்: எல்லாமே மனுஷக் குரல், மனுஷன் வாசிச்ச வாத்தியம். ஜார்ஜ் லிகெட்டியோட 'ரெக்வியம்', அதாவது செத்தவங்களுக்கான பூசை இசை, அதுல 'கர்த்தரே இரங்கும்'னு வேண்டுற கீரியே பகுதி. ட்ரான்சில்வேனியால பிறந்த ஹங்கேரிய யூதர், அப்பாவையும் தம்பியையும் நாஜி முகாம்ல பறிகொடுத்தவர், 1956 புரட்சியை சோவியத் படை நசுக்கினப்புறம் வியன்னாவுக்கு ஓடி வந்தவர். அந்த அலறல் எங்கேருந்து வருதுன்னு நான் தனியா விளக்க வேண்டாம்.

செய்முறை என்னன்னா, ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி வரி, எல்லாம் நெருக்கமான ஸ்வரத்துல கொஞ்சம் கொஞ்சம் நேரம் தள்ளி நகரும். தனியா எந்த வரியையும் காதால பிடிக்க முடியாது, மொத்தமா ஒரு புகை மாதிரி நகரும். மைக்ரோபாலிஃபனின்னு பேரு. நிலாவுல பஸ் பறக்குறப்ப வர்றது அவரோட 'லக்ஸ் எடெர்னா', 16 குரல், வாத்தியமே கிடையாது. படம் தொடங்குறதுக்கு முன்னாடி கறுப்புத் திரைல ரெண்டு மூணு நிமிஷம் ஓடுறது 'அட்மாஸ்ஃபியர்ஸ்', 1961. அதோட முதல் கார்டுலயே அஞ்சு ஸ்தாயிக்கு மேல எல்லா ஸ்வரமும் ஒரே நேரத்துல, சன்னமான சத்தத்துல. தாளம் தேடாதீங்க, கிடைக்காது.

அவர்கிட்ட முறையா யாரும் கேக்கல, படத்துல இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 'அவென்ச்சர்ஸ்'ங்கிற பீஸை எலெக்ட்ரானிக்கா திரிச்சு கடைசி ரூம் சீன்ல போட்டதுதான் அவருக்கு ரொம்பக் கோவம், வழக்கு வரைக்கும் போச்சு. ஆனா படத்தை அவருக்குப் பிடிச்சிருந்தது, பின்னாடி குப்ரிக் மறுபடி மறுபடி அவர் இசையைத் தேடிப் போனார். 2014 காட்ஸில்லாவுல வீரர்கள் வானத்துலேருந்து குதிக்கிற சீன்லயும் இதே ரெக்வியம்தான்.

சின்னத்திரை: ஷார்ட் ஃபிலிம் பண்றோம் சிஸ்டர், ஏலியன் கதை. ப்ளூ டான்யூப் பழசுதானே, யூட்யூப்லேருந்து எடுத்துப் போட்டுக்கலாமா?

பதில்: கூடாது கூடாது. பீஸ் வேற, ரெக்கார்டிங் வேற. யோஹான் ஸ்ட்ராஸ் 1899ல போயிட்டார், அந்த நோட்ஸ் எல்லாருக்கும் சொந்தம். ஆனா நீங்க டவுன்லோட் பண்றது போன வருஷமோ பத்து வருஷம் முன்னாடியோ ஒரு ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது. இந்தியாவுல ரெக்கார்டிங்குக்கு வெளியானதுலேருந்து 60 வருஷம் உரிமை உண்டு. வெளிநாட்டு ஃபெஸ்டிவலுக்கு அனுப்பினா அந்தந்த நாட்டுக் கணக்கு வேற. ம்யூஸோபன் தளத்துல உரிமை விட்டுக்குடுத்த ரெக்கார்டிங் கிடைக்கும், அதுலயும் ஒவ்வொண்ணுக்கும் லைசென்ஸைப் படிச்சிட்டு எடுங்க.

லேப்டாப் லோகு: இன்டர்ஸ்டெல்லார் ஆர்கன் பாக் எழுதினதா?

பதில்: ஹான்ஸ் ஸிம்மர் படத்துக்கு எழுதினது, லண்டன் டெம்பிள் சர்ச் ஆர்கன்ல ரெக்கார்ட் பண்ணாங்க. நான் சொன்ன ஏரியாவுக்கு வெளில.

பழைய டேப்: டீச்சரம்மா, குப்ரிக் புகழ் பாடுறீங்க சரி. அலெக்ஸ் நார்த்துன்னு ஒரு மனுஷன் இருந்தாரே, அவருக்குப் பண்ணதை ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?

பதில்: யாராவது கேப்பீங்கன்னுதான் இருந்தேன் சார். தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். 1960ல ஸ்பார்டகஸுக்கு குப்ரிக்கோட வேலை பாத்த இசையமைப்பாளர் நார்த். 2001க்கும் அவரையே கூப்பிட்டாங்க. ஆனா எடிட்டிங்ல குப்ரிக் ஏற்கெனவே இந்த ரெக்கார்டுகளை டெம்ப் ட்ராக்கா, அதாவது நிஜ இசை வர்ற வரைக்கும் தற்காலிகமா, ஓட்டிக்கிட்டிருந்தார், மனசு அதுலயே ஊறிப்போச்சு. நார்த் ராத்திரி பகலா எழுதினார், உடம்பு ஒடைஞ்சு 1968 ஜனவரில லண்டன் ரெக்கார்டிங்குக்கு ஆம்புலன்ஸ்ல வந்தார். சுமார் 40 நிமிஷ இசை முடிச்சப்புறம் இதுக்கு மேல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஏப்ரல்ல படத்தைப் போய்ப் பாத்தா அவரோடது ஒரு ஸ்வரம்கூட இல்ல, அது வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லல.

இது அநியாயம்தான், நான் மறுக்கல. நடந்துக்கிட்ட விதத்துக்கு சாக்கே கிடையாது.

பழைய டேப்: அப்படி வாங்க வழிக்கு. நார்த் இசை 93ல வெளியாச்சே, கேட்டிருக்கேன், பிரமாதமா இருக்கு. சொந்தமா உழைச்சு எழுதினவனை விரட்டிட்டு கடைல வாங்கின ரெக்கார்டைப் போடுறது என்ன டைரக்‌ஷன்?

ராத்திரி ஆந்தை: சார் பிரமாதமா இருக்குறதும் படத்துக்குப் பொருந்துறதும் ஒண்ணா? நார்த் ஓபனிங்கைப் படத்தோட ஓட்டிப் பாத்தேன், ஸ்பார்டகஸ் பாக்குற மாதிரி இருந்துச்சு.

பழைய டேப்: ஐம்பது வருஷமா ஒரே இசையைக் கேட்டுப் பழகின காது தம்பி அது. முதல்லயே நார்த் இருந்திருந்தா இன்னிக்கு அதுக்கும் இப்படித்தான் வாதாடுவீங்க.

கல்யாணி கண்ணன்: சார் சொல்றது பாயிண்ட்.

பதில்: பழக்கம்ங்கிறது நல்ல பாயிண்ட்தான் சார், அதை நான் தள்ளல. ஆனா நார்த் ஓபனிங்கைக் கேளுங்க, ஜரதுஸ்த்ராவுக்குப் பதில் எழுதணும்ங்கிற நெருக்கடி அதுல தெரியும், அதே மாதிரி பித்தளை, அதே மாதிரி ஏத்தம். டெம்ப் ட்ராக் பண்ற கொடுமையே இதுதான், அடுத்தவன் சட்டையைக் குடுத்து உனக்கு அளவா தைச்ச மாதிரி போட்டுக் காட்டுன்னு சொல்றது. ஸ்டேஷன் சீனுக்கு அவர் எழுதினது நிஜமாவே அழகு, மென்மையா மிதக்கும். ஆனா அது படத்தைப் பாத்துக்கிட்டே வாசிக்குது, அட எவ்ளோ அழகுன்னு நமக்குச் சொல்லித்தருது. வால்ட்ஸ் அப்படி எதையும் சொல்லித்தராது.

இன்னொண்ணு சேத்துக்கோங்க. அந்த 1993 ரெக்கார்டிங்கை நடத்தினவர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித். அவருக்கே 1979ல ஏலியன் படத்துல இதே அடி விழுந்தது. அவர் எழுதின முடிவு இசையைத் தூக்கிட்டு டைரக்டர் ரிட்லி ஸ்காட், ஹோவர்ட் ஹான்சனோட ரெண்டாவது சிம்பொனியைப் போட்டார், 1930ல வந்தது. நடுவுல கோல்ட்ஸ்மித் வேற படத்துக்கு எழுதின பழைய துண்டுகளையும் செருகிட்டாங்க. இந்த விஷயத்துல நான் உங்க கட்சி சார். ஹான்சன் சிம்பொனி நல்ல பீஸ், ஆனா அவ்ளோ நேரம் மூச்சை அடைச்சு வெச்சிருந்த படம் கடைசில திடீர்னு கட்டிப்பிடிச்சு ஆறுதல் சொல்ற மாதிரி ஆயிடுது.

பழைய டேப்: ஸ்டார் வார்ஸ்ல ஜார்ஜ் லூகாஸும் முதல்ல கிளாசிக்கல் ரெக்கார்டைத்தான் யோசிச்சார். ஜான் வில்லியம்ஸ் புதுசா எழுதினதாலதான் அது நின்னுச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

பதில்: முழு சம்மதம். அந்தக் கதைக்கு லூக்குக்கு ஒரு ட்யூன், இளவரசிக்கு ஒரு ட்யூன், அதெல்லாம் படத்தோட சேர்ந்து வளரணும், அழணும், உடையணும். பழைய ரெக்கார்டு அந்த வேலையைச் செய்யாது. எல்லாத்துக்கும் கிளாசிக்கல் போடுன்னு நான் எங்கயும் சொல்லலியே.

தியரி தம்பி: ஆனா அதுவே ஹோல்ஸ்ட்டோட மார்ஸ் காப்பிதானே மேடம், ரெண்டையும் பக்கத்துல வெச்சு வீடியோ இருக்கு.

பதில்: இந்தக் கேள்வி வரும்னு தெரியும். குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டோட 'த ப்ளானெட்ஸ்', 1914லேருந்து 1916க்குள்ள எழுதினது, டெம்ப் ட்ராக்ல இருந்தது, வாசனை இருக்கு. ஆனா அதுல வர்ற மார்ஸ் பகுதி அஞ்சு அஞ்சா எண்ற தாளம், கண்டம்னு வெச்சுக்கோங்க, வீரர்கள் நடந்தா கால் தடுக்கும், அந்தத் தடுக்கல்தான் பயம். ஆரம்பத்துல வர்ற டக்டக்டக் என்னன்னு பசங்க கேப்பாங்க. வில்லைத் திருப்பி, ரோமம் இல்லாத கட்டைப் பக்கத்தால கம்பியை அடிக்கிறது. நல்ல வில்லோட பாலிஷ் போயிடும்னு ஆர்கெஸ்ட்ராவுல பாதி பேர் அந்த பீஸுக்குன்னே ஒரு மட்டமான வில்லு கொண்டு வருவாங்க. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு.

ஹோல்ஸ்ட் எழுதினது ஜோசியக் கிரகம், வானியல் கிரகம் இல்ல. அதனாலதான் பூமி கிடையாது. ப்ளூட்டோ 1930லதான் கண்டுபிடிச்சாங்க, அதுவும் கிடையாது.

காப்பின்னு கத்தணும்னா 1986 ஏலியன்ஸ் ஆரம்ப இசையையும், 2001ல விண்கலத்துக்குள்ள ஒருத்தர் வட்டமா ஓடும்போது வர்ற கச்சாதூரியன் 'கயானே' அடாஜியோவையும் பக்கத்துல வெச்சுக் கேளுங்க. அதுல எனக்கே வாய் அடைச்சுப் போச்சு. இத்தனைக்கும் கயானே 1942ல வந்த சோவியத் பாலே, கூட்டுப்பண்ணைக் கதை. பருத்தி வயல் ஜனங்களுக்கு எழுதினது, ஜூப்பிட்டர் போற தனிமைக்கு அப்படி ஒட்டுது.

பொங்கல் வடை: அக்கா 2001 பட தீம் மியூசிக் பேரு சொல்லுங்க ப்ளீஸ் ரிங்டோனுக்கு

பதில்: மேல ஏறிப் பாருங்க, அதுதான் முதல் பதில். ரிங்டோனுக்கு வெக்காதீங்க, அந்த அடி உறுமல் போன்ல வராது.

மழைத்துளி: சோலாரிஸ்ல வர்ற பாக் பத்திச் சொல்லுங்களேன். எதுக்கு அழுதேன்னே தெரியல.

பதில்: இன்னிக்கு எனக்குப் பிடிச்ச கேள்வி இது. ரஷ்ய டைரக்டர் தார்க்கோவ்ஸ்கி எடுத்த படம், 1972. பாக் ஆர்கனுக்கு எழுதின கோரல் ப்ரெலூட், 'உன்னைக் கூப்பிடுறேன், கர்த்தராகிய இயேசுவே'ன்னு தொடங்குற ஜெபப் பாட்டை வெச்சு எழுதினது, பாக் எழுதினதோட பட்டியல்ல (BWV) 639வது. மூணே வரி. மேல ராகம் பாடுது, நடுவுல ஒரு கை ஓயாம ஓடிக்கிட்டே இருக்கு, அடில பெடல் நிதானமா நடக்குது. ரெண்டு மூணு நிமிஷம்தான் இருக்கும்.

சோலாரிஸ் கிரகத்து ஸ்டேஷனோட நூலகத்துல கதாநாயகனும், செத்துப்போன அவன் மனைவியோட உருவத்துல வந்த அந்தப் பொண்ணும் நிக்கிற சீன். முப்பது செகண்டுக்கு எடையில்லாம போயிடும்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. மெழுகுவத்தி ஸ்டாண்ட் மிதந்து போகுது, திறந்த டான் கிஹோட்டே புத்தகம் மிதந்து போகுது, சுவத்துல ப்ரூகல் வரைஞ்ச பனிக்கால வேட்டைக்காரங்க, கேமரா அந்த ஓவியத்துக்குள்ளயே தடவிக்கிட்டு போகுது. அப்ப இந்த பாக். அந்தப் பொண்ணு மனுஷியே இல்ல, அவளுக்கு பூமில பனியைப் பாத்த ஞாபகம் சொந்தமா கிடையாது. அவளை அந்த இசையைக் கேக்க விடுறாங்க பாருங்க. படத்தோட இசையமைப்பாளர் ஆர்டெமியேவ் போட்ட எலெக்ட்ரானிக் சத்தம் அந்தக் கிரகத்துக் கடலுக்கு, பாக் மனுஷங்களுக்கு. குப்ரிக்கோட படம் தார்க்கோவ்ஸ்கிக்குப் பிடிக்கல, ரொம்ப ஜில்லுனு இருக்குன்னு நினைச்சார், ஆனா ரெண்டு பேரும் கை வெச்ச அலமாரி ஒண்ணுதான்.

லேப்டாப் லோகு: ஃபிஃப்த் எலிமென்ட்ல நீலப் பொண்ணு பாடுறது நிஜக் குரலா?

பதில்: இன்வா முலா, அல்பேனிய சோப்ரானோ. முதல் பாதி டோனிசெட்டியோட 1835 ஆபரா 'லூச்சியா', கல்யாண ராத்திரி புருஷனைக் கொன்னுட்டு புத்தி பேதலிச்சு வர்றவ பாடுறது. டோனிசெட்டி அதுக்கு முதல்ல கண்ணாடிக் கிண்ணத்தைத் தடவி வாசிக்கிற வாத்தியம்தான் நினைச்சார், அப்புறம் புல்லாங்குழல் ஆச்சு. அடுத்து வர்ற வேகமான டான்ஸ் பகுதி எரிக் செர்ரா எழுதினது, அங்க ஸ்டுடியோ வேலை நிறைய.

கல்லூரிப் பறவை: அசைன்மென்டுக்கு பத்து படம் பேரு வேணும் மேம் அர்ஜென்ட்

பதில்: மேல அஞ்சாறு படிச்சாலே கிடைக்குமே கண்ணு. மெலங்கோலியால வாக்னர், சாய்லன்ட் க்ரீன்ல கிழவர் சாகப் போற சீன்ல பீத்தோவனோட ஆறாவது, மைனாரிட்டி ரிப்போர்ட்ல ஷூபெர்ட். மிச்சத்தை நீங்களே தேடுங்க.

சனிக்கோள்: நம்ம பக்கம் இப்படி எதுவும் இல்லையாக்கா?

பதில்: 1963ல கலை அரசின்னு ஒரு படம், எம்ஜிஆர், பானுமதி, இசை கே. வி. மகாதேவன். வேற கிரகத்துக்காரங்களுக்கு விஞ்ஞானம் எல்லாம் இருக்கு, சங்கீதம்தான் இல்ல. அதனால பாடத் தெரிஞ்ச பொண்ணைத் தேடி பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போறாங்க. 2001க்கு அஞ்சு வருஷம் முன்னாடி. செட்டைப் பாத்து சிரிக்கிறவங்க சிரிங்க, அந்த ஒன் லைனை நான் எங்க வேணாலும் தலை நிமிந்து சொல்லுவேன்.

பழைய டேப்: நார்த் மேட்டர் இன்னும் முடியல டீச்சரம்மா.

பதில்: முடியாது சார், அடுத்த தடவை அதுக்குன்னே உக்காரலாம். பசங்க வந்துட்டாங்க, கடைசியா ஒரு கேள்வி.

சின்னத்திரை: சிஸ்டர், ரெக்கார்டிங்தானே பிரச்சினை, என் ஃப்ரெண்ட் கீபோர்ட்ல ஜரதுஸ்த்ரா வாசிச்சா?

பதில்: ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1949ல இறந்தார், இந்தியக் கணக்குல 60 வருஷம், ஐரோப்பாவுல 70, ரெண்டும் தாண்டியாச்சு, தாராளமா வாசிக்கச் சொல்லுங்க. லிகெட்டி மேல கை வெக்காதீங்க, 2006லதான் இறந்தார். கச்சாதூரியனுக்கும் இந்தியாவுல 2038 முடியணும். வாசிச்ச ஃப்ரெண்ட்கிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க, ஃப்ரெண்டா இருந்தாலும்.